மேலப்பத்தித் தூண் துளிர்த்த கோடை

ரங்கூன் விழுந்த வருஷத்தைப் பற்றி ஊருக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். சிலர் கொழும்பில் குண்டு விழுந்ததைச் சொல்வார்கள், சிலர் மதராஸ் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியதைச் சொல்வார்கள், இன்னும் சிலர் பர்மா அரிசி நின்றுபோய்க் கேப்பைக்களிக்கு மாறியதைச் சொல்லி இன்றைக்கும் முகம் சுளிப்பார்கள். மருதப்பட்டியில் போய்க் கேட்டுப் பாருங்கள், அதெல்லாம் அப்புறம், அடைக்கப்பன் செட்டியார் வீட்டுத் தூண் துளிர்த்த வருஷம் அது என்பார்கள். சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் சிரித்துவிட்டால் உங்களுக்கு அந்த ஊரில் காப்பி கிடையாது.

வீடு பெரிய வீடு. எவ்வளவு பெரிது என்றால், முன்வாசலில் மழை பெய்யும்போது பின்கட்டில் வெயிலடிக்கும். சரி, அது கொஞ்சம் கூடுதல், தூறல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் தூண் நிறுத்திய பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள், மொத்தத்தையும் வளவு என்பார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர். ஒரே கூரை, ஆனால் கல்யாணமானவனுக்குத் தனி அடுப்பு என்பது அந்தப் பக்கத்து முறை, ஆகவே மூன்று அடுப்பு, மூன்று குழம்பு, மூன்று புகை. மூத்தவர் அடைக்கப்பன் ஊரோடு இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். நடுவிலவர் வயிரவன் பர்மாவில் மோல்மேனிலும் கடைசித் தம்பி நாச்சியப்பன் பெகுவிலும் இருந்தார்கள். கொண்டுவிக்கப் போவது என்பார்கள், தொழிலுக்குக் கடல் கடந்து போவதை. போனால் மூன்று வருஷம் அங்கே, வந்தால் சில மாதம் இங்கே, மறுபடி கப்பல்.

அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கமும் இருந்தது. பிள்ளைகளில் எவன் முதல் தடவை பர்மா போனாலும் தன் கையால் தட்டிப் பார்த்து ஒரு தேக்கு மரத்தைத் தேர்ந்து கப்பலேற்றி அனுப்ப வேண்டும். அதைக் கடைந்து பத்தியில் நிறுத்துவார்கள், அவன் ஊரில் இல்லாத நாளெல்லாம் அவனுக்குப் பதிலாக அது நின்று கூரையைத் தாங்கும். மேலப்பத்தியில் நின்றது வயிரவன் தூண். நேர் எதிரே கீழப்பத்தியில் நாச்சியப்பன் தூண்.

வயிரவனின் மனைவி உமையாள். பெண்ணைத் தேவகோட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டு, மேலப்பத்தியில் தன் ஒற்றை அடுப்போடு இருந்தாள். பின்னாளில் அந்தக் கோடையை நினைக்கும்போது அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது குண்டும் இல்லை, சண்டையும் இல்லை, தன் கால்கள்தான். தரிக்காத கால்கள். மாசியிலேயே பர்மாத் தபால் நின்றுபோயிற்று. அதிலிருந்து அவள் உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள், முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்த பிறகுதான் பால் வைத்த ஞாபகமே வரும், போய்த் துடைத்துவிட்டு மறுபடி நடப்பாள், நடந்து நடந்து அவள் காலடி பட்ட இடத்தில் ஆத்தங்குடித் தளக்கல்லின் பூ அழிந்துபோயிற்று என்று சொல்வார்கள், இன்றைக்கும் போனால் காட்டுவார்கள்.

சித்திரை பிறந்த மறுநாள் காலை அப்படிச் சுற்றி வரும்போது, திருப்பத்தில் வழக்கம்போலத் தூணில் கை வைத்தாள். விரலுக்குக் கீழே ஏதோ மெத்தென்று, பிறந்த குழந்தையின் காது மாதிரி இருந்தது. பார்த்தாள். இரண்டு இலை. பத்தொன்பது வருஷமாக எண்ணெய் போட்டுத் துடைத்துக் கண்ணாடியாய் மின்னிய தூணில், தோள் உயரத்தில், எதிரும் புதிருமாக இரண்டு தேக்கந்துளிர்.

உமையாள் கூச்சலிடவில்லை. குடித்தனக்காரி எவளும் சுவரில் முளைத்த செடியை என்ன செய்வாளோ அதைச் செய்தாள், கிள்ளி எறிந்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் சிவந்துபோயிருந்தது. மறுநாள் இரண்டு நாலாகியிருந்தது. அப்போதுதான் விஷயத்தை மூத்தாரிடம் சொல்வதென்று தீர்மானித்தாள்.

மூத்தாரிடம் சொல்வதிலும் ஒரு முறை இருந்தது. தம்பி மனைவி புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். அவர் காதில் விழும்படியாக ஒரு தூணைப் பார்த்தோ கதவைப் பார்த்தோ சொல்லவேண்டும். உமையாள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து மேலப்பத்தித் தூணிடம்தான் சொல்லி வந்தாள், உப்பு இல்லை, ஓடு ஒழுகுகிறது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பாருங்கள், எல்லாமே அந்தத் தூண் வழியாகத்தான் அடைக்கப்பன் காதுக்குப் போயிற்று.

அடைக்கப்பன் இட்லியில் கை வைத்திருந்த நேரம் பார்த்து உமையாள் ஆரம்பித்தாள். "தூணே, ஒம்மேல எலை விட்டிருக்குன்னு மூத்தவுகளுக்குத் தெரியுமா?"

அடைக்கப்பன் தலையைத் திருப்பாமல் தன் மனைவி தெய்வானையிடம் சொன்னார், "தேக்குன்னா ஈரம் இருக்கத்தான் செய்யும். ஒரு பூச்சு வார்னிஷ் அடிச்சாச் சரியாப் போகும்னு சொல்லு."

"தூணே, பத்தொம்பது வருசத்து ஈரமா?"

"பர்மா ஈரம்" என்றார் அடைக்கப்பன். "அது காயாது."

வார்னிஷ் அடித்தார்கள். அடுத்த வாரம் வந்த இலைகள் வார்னிஷ் பளபளப்போடேயே வந்தன.

வைகாசிக்குள் தூண் முழுக்கப் பச்சை பிடித்தது. முறம் அகலத்துக்கு இலைகள், சொரசொரவென்று, காற்றடித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஊர் வந்து பார்த்தது. பார்த்த ஊர் என்ன செய்யும், தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கும். சண்டையில் பழைய பேப்பருக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டதால் கறிக்கடை சிக்கந்தர் ராவுத்தர் முதலில் வந்தார். "ஆச்சி, கறி மடிக்கத் தேக்கிலை மாதிரி வராது. தெனமும் ஒரு கட்டு குடுத்தீகன்னா ஈரலை ஒங்க வீட்டுக்குன்னே எடுத்து வச்சிருவேன்" என்றார். உமையாள் கொடுத்தாள். அதில் ஒரு சிக்கல் வந்தது. மேலப்பத்தியில் பழுத்து விழுந்த இலை காற்றில் உருண்டு தெய்வானை அடுப்படிப் பக்கம் போனால் அது யாருடைய இலை? தெய்வானை நியாயஸ்தி, "தனி அடுப்புன்னா தனி எலைதான்" என்று விளக்குமாற்றால் திருப்பித் தள்ளிவிடுவாள். காற்று மறுபடி கொண்டுவரும், அவள் மறுபடி தள்ளுவாள், ஒரு இலை பொழுது சாய்கிறவரை இரண்டு அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கும்.

அப்புறம் வனத்துறைக் கார்டு ஒருவர் காக்கி உடுப்போடு வந்தார். தூணை மூன்று தடவை சுற்றினார். "காய்ஞ்ச தேக்குன்னா ஒங்க வீட்டுத் தூணு. பச்சைத் தேக்குன்னா சர்க்கார் மரம். சர்க்கார் மரம் நிக்கிற எடம் காடு. காட்டுக்குள்ள நெருப்பு மூட்டக் கூடாது. மூணு அடுப்பையும் அணைச்சிருங்க" என்றார்.

தெய்வானை தலையை மட்டும் நீட்டிக் கேட்டாள். "அப்ப ஒங்களுக்குக் காப்பி போட அடுப்புப் பத்த வைக்கலாமா, கூடாதாண்ணே?"

கார்டு நெடுநேரம் சட்டத்தை மனதுக்குள் புரட்டினார். "காப்பிக்குப் பத்த வைக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்நேரம் அடுப்பெரிந்தாலும் காப்பிதான் போடுகிறார்கள் என்று ஊரே சாட்சி சொன்னது.

பச்சையாக நின்றால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. யாரோ சொன்னார்கள், மறுநாள் எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் பர்மாவில் மாட்டியிருந்த ஊர் அது. கால்நடையாக மலையேறி வருகிறார்களாம், வழியெல்லாம் வாந்திபேதியாம், ஆறு குறுக்கே ஓடுகிறதாம் என்று நாளுக்கொரு செய்தி, எதுவும் கையெழுத்தோடு வருவதில்லை. பெண்கள் வந்து உமையாள் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "ஒனக்கென்ன ஆச்சி, பச்சை கட்டி நிக்குது" என்று பெருமூச்சு விட்டார்கள். வீட்டுக்குப் போய்த் தங்கள் தூண்களுக்குக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். மருதப்பட்டியின் பளிங்குத் தரைகளெல்லாம் பாசி பிடித்தன. வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தவர்களுக்கு எண்ணெய் போட்டே வைத்தியர் கை தேய்ந்தது. ஒரு தூணும் துளிர்க்கவில்லை.

எதிர்ப்பத்தியில் நாச்சியப்பன் தூணும் துளிர்க்கவில்லை. அவன் மனைவி மெய்யம்மைக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகிக் கழுத்து மாலை வாடுவதற்குள் அவன் கப்பலேறிவிட்டான். அவள் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினாள், மோர் ஊற்றினாள், மாட்டுச் சாணியை உருட்டித் தூணடியில் வைத்தாள். காலையில் எழுந்ததும் முதலில் தன் தூணைப் பார்ப்பாள், பிறகு எதிரே உமையாளின் தூணைப் பார்ப்பாள், பிறகு எதையும் பார்க்கமாட்டாள்.

ஒரு நாள் விடிந்தபோது கீழப்பத்தித் தூணில் நாலைந்து இலை. தெய்வானை குலவையிட்டாள். அடைக்கப்பன் தேங்காய் உடைத்தார். உமையாளும் சந்தோஷமாகக் கிட்டே போனாள், போய் இலையைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டாள். வெள்ளைத் தையல் நூல். காம்புக்குக் காம்பு நூல் சுற்றித் தூணோடு முடிந்திருந்தது, முடிச்சு தெரியாமல் மஞ்சள் தடவியிருந்தது. உச்சிவேளைக்குள் இலைகள் தொங்கிப்போயின.

உமையாள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் விடியும் முன்னே தன் தூணில் ஒரே அளவாக நாலைந்து இலை பறித்து, ஈரத்துணியில் சுற்றி, மெய்யம்மையின் அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த நாளும் வைத்தாள். அந்த ஆனி மாதம் முழுக்க வைத்தாள். ஊர் வந்து இரண்டு தூணையும் பார்த்து, அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

ஒரு நாள் கிணற்றடியில் மெய்யம்மை கேட்டாள். "ஆச்சி, எலை நீங்கதானே வைக்கிறீக?"

"நா ஏந்த்தா வைக்கிறேன். காத்துல விழுந்திருக்கும்."

"காத்து அளவு பாத்துப் பறிச்சு ஈரத்துணியில சுத்தி வைக்குமா?"

"கோடைக் காத்து" என்றாள் உமையாள், வாளியை இறக்கிக்கொண்டே. "அதுக்கு வேற வேலை என்ன."

மெய்யம்மை சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நடுவிலேயே வேறு ஏதோவாக மாறிவிட்டது, உமையாள் கயிற்றை விட்டுவிட்டு அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள், வாளி கிணற்றுக்குள் போய்விட்டது.

உமையாளுக்குத்தான் பச்சை நின்றதே, அவள் நிம்மதியாக இருந்தாளா என்றால் அதுதான் இல்லை. பச்சையைப் பார்க்கப் பார்க்கக் கால் இன்னும் பரபரத்தது. உயிரோடு இருக்கிற மனுஷன் ஏன் வரவில்லை? தூணின் உச்சியில் ஒரு மரங்கொத்தி குடிவந்திருந்தது. அது டொக் டொக் என்று தட்டும்போதெல்லாம் யாரோ வாசல் கதவைத் தட்டுகிறார்கள் என்று ஓடுவாள், வெறும் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள், திரும்பி வந்து உட்காருவதற்குள் அது மறுபடி தட்டும், தெரிந்தே மறுபடி ஓடுவாள்.

தூணோ வளர்ந்ததென்றால் நிற்கிற வேகமில்லை. கூரையை முட்டியது, முட்டிக் கூரையைத் தூக்கியது, உத்தரம் விரிசல் விட்டு ஓடுகள் பல் பல்லாய்க் கழன்று விழுந்தன, கீழே வேர் தளக்கல்லைப் பிளந்துகொண்டு வந்து அடைக்கப்பனின் ஊஞ்சலைச் சாய்த்தது. ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம், அந்த முற்றத்தில்தான் நடக்க வேண்டும். அடைக்கப்பன் கல்நெஞ்சக்காரர் இல்லை. பர்மாவிலிருந்து யார் வந்து இறங்கினாலும் ஸ்டேஷனுக்குப் போய் நின்று, எலும்பும் தோலுமாய் இறங்குகிறவனிடமெல்லாம், "எந்தம்பிமாரைப் பாத்தீகளா, ஒருத்தன் ஒசரம், ஒருத்தன் மாநெறம்" என்று கேட்டுவிட்டு வருவார். அந்த மனுஷர்தான் ஒரு நாள் தெய்வானையிடம் சத்தமாகச் சொன்னார். "நாளைக்கு ஆசாரி வர்றான். வெட்டிட்டுக் கல்தூணு நிறுத்திர வேண்டியதுதான். இந்த உத்தரம் விழுந்தா அடுப்பு வாரியா பிரிச்சு விழாது, மொத்தமா விழும்."

உமையாள் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "தூணே, அவுககிட்டச் சொல்லு. இது வெறும் மரமில்லைன்னு அவுகளுக்குத் தெரியும். இதுல கோடாலி பட்டா அங்கிட்டு எங்கேயோ நடந்து வர்ற மனுசன் மேல படும்."

"அவன் என் கூடப்பொறந்தவன்" என்றார் அடைக்கப்பன். "எனக்கு மட்டும் ஆசையா? உள்ள இருக்க உசுரு அத்தனையும் நாந்தான பாக்கணும்."

மறுநாள் காலை மாயழகு ஆசாரி வந்தார். பச்சை மரத்தில் சும்மா கை வைக்கிற ஆள் இல்லை அவர். கோடாலிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். "இந்த மரத்துல குடியிருக்கிறவுக யாரா இருந்தாலும் வேற எடம் பாத்துப் போயிருங்க சாமி, ஒங்களுக்குக் கோபம் வேண்டாம்" என்று உரக்கச் சொன்னார். கோடாலியை மரத்தடியில் சாய்த்து வைத்தார். "வெயில் முற்றத்தைத் தாண்டுற வரைக்கும் கோடாலி நின்னா உத்தரவு. விழுந்தா உத்தரவில்லை" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்தார்.

வீடே உட்கார்ந்து கோடாலியைப் பார்த்தது. அடைக்கப்பன் சாய்ந்த ஊஞ்சலிலிருந்து பார்த்தார், தெய்வானை அடுப்படியிலிருந்து பார்த்தாள், மெய்யம்மை தன் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள், கார்டு கூடக் காப்பி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். உமையாள் கோடாலிக்கு நேர் எதிரே, விழு விழு என்று கண்ணாலேயே அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வெயில் முற்றத்துக்குள் இறங்கி நத்தை மாதிரி ஊர்ந்தது. டொக் டொக் என்று சத்தம் கேட்டது. உமையாளுக்கு முதல் முறையாக எழுந்திருக்கத் தோன்றவில்லை, பாழாய்ப்போன மரங்கொத்தி. மறுபடியும் டொக் டொக்.

தலையை நிமிர்த்தியது மெய்யம்மைதான். நிலைப்படியில் ஓர் ஆள் நின்றான். மொட்டைத் தலை, கரிக்கட்டை உடம்பு, காலில் துணி சுற்றியிருந்தது, கையிலிருந்த கம்பால் நிலையைத் தட்டிக்கொண்டிருந்தான். மெய்யம்மை ஓடவில்லை, நடக்கவுமில்லை, எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "வந்துட்டீகளா" என்று மட்டும் கேட்டாள்.

நாச்சியப்பன் வந்துவிட்டான். தெய்வானை அழுதாள், அடைக்கப்பன் தம்பியைக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவித் தடவி அத்தனை எலும்பையும் எண்ணினார். அந்தச் சத்தமெல்லாம் அடங்கிய ஒரு நொடியில் கூட்டத்துக்கு ஒன்று உறைத்தது. வந்தவன் கீழப்பத்திக்காரன். எல்லோர் கண்ணும் கீழப்பத்தித் தூணுக்குப் போயிற்று. அன்று காலை நடந்த அமளியில் இலை மாற்றவில்லை. வாடிச் சுருண்டு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, நூல் பளிச்சென்று தெரிந்தது. காய்ந்த தூணின் ஆள் உயிரோடு வந்துவிட்டான். பிறகு அத்தனை கண்ணும், ஒன்றை ஒன்று பார்க்காமல், மெல்ல மெல்ல மேலப்பத்திக்குத் திரும்பின.

உமையாள் அங்கேதான் நின்றாள். "சின்னண்ணன் எங்கே?" என்று அவள் கேட்கவில்லை. கேட்டது அடைக்கப்பன்.

நாச்சியப்பன் தண்ணீர் குடித்தான். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம்" என்றான். "புரோம் பட்டணத்தைத் தாண்டி மலை. ஆத்தைக் கடந்ததுமே அண்ணனுக்கு வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு நாள் தோள்ல சாச்சுக் கூட்டியாந்தேன். அன்னிக்குச் சித்திரை வருசப்பொறப்பு. ஒரு பெரிய தேக்கு. அதுல முதுகைக் குடுத்து ஒக்காந்தாக. 'நீ முன்னால போப்பா, நா சித்த ஒக்காந்துட்டு வர்றேன். எனக்குக் குறுக்கு வழி தெரியும், ஒனக்கு முந்தியே வீட்டுக்குப் போயிருவேன்'னு சிரிச்சாக. கொஞ்ச தூரம் போயிட்டு மனசு கேக்காமத் திரும்பி வந்து பாத்தேன். அப்படியே ஒக்காந்திருந்தாக. குழி தோண்டக் கையில ஒண்ணுமில்லை ஆச்சி. எலையைப் பறிச்சு, பறிச்சு, மூடிட்டு வந்தேன். அப்பறம் எனக்கும் காச்சல், கல்கத்தாவுல தர்ம ஆஸ்பத்திரியில கெடந்து..."

உமையாள் மெல்லத் தூண் பக்கம் திரும்பினாள். அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாளே பார்க்கலாம்.

"சித்திரையில வந்தாச்சு" என்றாள். "அன்னிக்கே வந்தாச்சு. நா இந்தச் சுத்துச் சுத்துறேன், வாசலுக்கும் வளவுக்கும் ஓடுறேன், வந்த மனுசன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பாலு வழியிறதைப் பாத்துக்கிட்டுத்தான நின்னீக? ஒங்க எலையைக் கறிக்கடைக்குக் கட்டுக் கட்டாக் குடுத்தேனே, அப்பவாச்சும் ஏண்டீன்னு ஒரு சத்தம் போடக் கூடாதா? மொத நாளு கிள்ளி வேற போட்டேனே. வலிச்சிச்சா?"

அடைக்கப்பனுக்குப் பழக்கதோஷம். தூணிடம் சொல்வதெல்லாம் தனக்குச் சொல்வதுதானே. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "நா என்னத்தெச் சொல்லட்டும்த்தா, எனக்குத் தெரியலையே" என்று விசும்பினார்.

உமையாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டின புருஷனை நிறுத்தி வைத்துக்கொண்டு அவரிடம் மூத்தாருக்குச் சேதி சொல்லி அனுப்புவது எப்படி? அது மரியாதையில்லை. வாக்கப்பட்டு வந்த பிறகு முதல் தடவையாக அவள் அடைக்கப்பனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கூரையைப் பிரிங்க" என்றாள்.

அடைக்கப்பன் துண்டை இறக்கினார். ஆசாரியைப் பார்த்தார். "கேட்டுச்சில்ல? ஏணியைக் கொண்டாந்து பிரி."

கோடாலி விழுந்ததா நின்றதா என்று யாரும் பார்க்கவில்லை. மேலப்பத்திக் கூரையை வட்டமாகப் பிரித்து, உத்தரத்தை இரண்டு பக்கமும் கல்தூணில் ஏற்றி, மரத்துக்கு வழி விட்டார்கள். ஆவணியில் கல்யாணம் அதன் நிழலில்தான் நடந்தது, பந்தல் போடவில்லை. வெளியே சுதந்திரம் கேட்டு ஊர் ஊராகப் பற்றி எரிந்துகொண்டிருந்தது, தந்திக் கம்பியை அறுத்தார்கள், போலீஸ் சுட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் மாட்டுவண்டியில் குறுக்குப் பாதையில் சுற்றி வந்து முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் சேர்ந்தார்கள். மாப்பிள்ளை தலையில் தேக்கம்பூ பொடிப்பொடியாய் உதிர்ந்தது.

கல்யாணம் முடிந்ததும் பங்காளி வீட்டுப் பெரிய பெண்கள் ஒரு காலைப்பொழுது கூடி வந்தார்கள். முறை என்று ஒன்று இருக்கிறதே, தாலி இறக்க வேண்டாமா. வந்து உட்கார்ந்தவர்கள் மரத்தைப் பார்த்தார்கள், உமையாளைப் பார்த்தார்கள், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

உமையாளே ஆரம்பித்தாள். "தேக்கு மாசியில எலை உதிர்க்குமாம். பங்குனி கழிஞ்சு தழைக்குமாம். உசுரோட நடமாடினப்ப மூணு வருசம் அங்கிட்டு இருந்து, நாலு மாசம் இங்கிட்டு இருந்தாக. இனிமே வருசத்துல ரெண்டு மாசந்தான் வெளியூரு. இப்பத்தான் வீடு தங்குறாக. இந்த நேரம் பாத்தா தாலி எறக்க வந்தீக?"

பெண்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். தங்கள் வீட்டு ஆண்கள் வருஷத்தில் எத்தனை நாள் வீட்டில் இருக்கிறார்கள் என்று எல்லோரும் மனதுக்குள் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். இலை நிற்கிற வரைக்கும் பூ வைத்துக்கொள்ளட்டும், உதிர்ந்தால் எடுத்துவிடட்டும், தழைத்தால் வைத்துக்கொள்ளட்டும் என்று தீர்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்படித்தான் நடந்தது, வருஷா வருஷம். இலை இருக்கும் மாதங்களில் உமையாள் மரத்தடியில் உட்கார்ந்து காய் நறுக்குவாள், ஊர்ப்பேச்சையெல்லாம் சொல்வாள், சில நாள் கோபித்துக்கொண்டு பேசாமலும் இருப்பாள். மாசியில் இலை உதிர்ந்து கொம்பும் குச்சியுமாய் நின்றால் தலையில் பூ இருக்காது. யாராவது கேட்டால், "கொண்டுவிக்கப் போயிருக்காக" என்பாள். அந்த இரண்டு மாதமும் அவளுக்குக் கால் தரிக்காது. முற்றத்தைச் சுற்றுவாள், வாசலுக்குப் போவாள், திரும்புவாள், பட்டையில் கை வைத்துப் பார்ப்பாள்.

அப்படி ஒரு பங்குனியில், வெயில் காய்கிற நேரத்தில், இடுப்பில் பிள்ளையோடு மெய்யம்மை அவள் பின்னாலேயே நடந்தாள்.

"ஒக்காருங்க ஆச்சி. வராமப் போயிருவாகளா?"

"வருவாக. அதுக்கில்லை" என்றாள் உமையாள், நடையை நிறுத்தாமல். "இந்தத் தடவை வந்தவுடனே ஒண்ணு கேக்கணும். ஒவ்வொரு தடவையும் மறந்து போகுது."

"என்னத்தெ?"

"அந்தக் குறுக்கு வழி எங்கிட்டு இருக்குன்னு."